இறங்கியும் நுழையாதவர்கள்: ட்ரான்சிட் விசாவின் வரலாறு

ஒரு நாட்டில் விமானம் ஏறி, இன்னொரு நாட்டில் விமானம் மாறி, மூன்றாவது நாட்டுக்குப் போகும் பயணி அந்த இடைநாட்டுக்குள் நுழைந்தவரா, நுழையாதவரா என்ற கேள்விக்கு எல்லா அரசுகளும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் அவர் ட்ரான்சிட் பகுதியில் சில மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, குடிவரவு அதிகாரி எவரிடமும் பாஸ்போர்ட்டை நீட்டாமல் அடுத்த விமானம் ஏறிவிடலாம். அமெரிக்காவில் அது நடக்காது. அங்கே விமானம் மாற வந்தவரும் நாட்டுக்குள் வருபவரும் இமிக்ரேஷன் பரிசோதனைக்குத் தப்ப முடியாது. ஐரோப்பாவிலோ, அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பார்த்த பிறகுதான் பதில் கிடைக்கும்.

நடைமுறையில் இருவகை அனுமதிகள் உண்டு. ஓரிரு நாள் இடைநாட்டுக்குள் வந்து, ஊரில் தங்கி, அங்கிருந்து கிளம்பிப் போக உதவுவது சாதாரண ட்ரான்சிட் விசா. விமான நிலையத்தின் ட்ரான்சிட் பகுதிக்குள் இருக்க மட்டும் அனுமதித்து, வெளி வாசலைத் தாண்ட எந்த உரிமையும் தராதது விமான நிலைய ட்ரான்சிட் விசா. முன்னது ரயில் காலத்துப் பழசு. பின்னது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிறந்தது. அதன் பிறப்பில் இலங்கைத் தமிழர்களுக்கு அவர்கள் விரும்பாத ஒரு பங்கு உண்டு.

1914க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை கடக்க முடிந்தது. ரஷ்யாவும் ஆட்டோமன் பேரரசும்தான் பெரிய விதிவிலக்குகள். முதல் உலகப் போர் வந்ததும் ஒற்றர் பயத்தில் எல்லா நாடுகளும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கட்டாயமாக்கின. போர் முடிந்தது, கட்டாயம் போகவில்லை. போதாக்குறைக்கு ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்து, முன்பு ஒரே நாடாக இருந்த நிலத்தில் பல எல்லைகள் முளைத்தன. பாரிஸிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ரயிலில் போகிறவர், தூங்கிக்கொண்டே கடக்கும் நாடுகளுக்கெல்லாம் தனித்தனியாகத் தூதரகம் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் நாடுகளின் சங்கம் 1920 அக்டோபரில் பாரிஸில் பாஸ்போர்ட் மாநாட்டைக் கூட்டியது. 32 பக்கங்கள் கொண்ட பாஸ்போர்ட் புத்தகம் என்ற மாதிரி அங்கேதான் உருவானது. அதே மாநாடு விசாக் கட்டணத்துக்கும் ஓர் அளவு சொன்னது: நுழைவு விசாவுக்கு அதிகபட்சம் 10 தங்க பிராங்க், ட்ரான்சிட் விசாவுக்கு 1 பிராங்க். போய்ச் சேரும் நாட்டின் விசா கையில் இருந்தால், வேறு விசாரணை எதுவும் இல்லாமல் உடனே ட்ரான்சிட் விசா கொடுத்துவிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கடந்து போகிறவரால் நாட்டுக்குப் பாரம் இல்லை, ஆகவே அவரிடம் அதிகம் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பதே அதன் அடிப்படை. பத்தில் ஒரு பங்கு என்ற இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அது என்ன ஆயிற்று என்று பார்க்கலாம்.

விசாவே வேண்டாம் என்ற ஏற்பாடும் அப்போதே ஓரிடத்தில் இருந்தது. வெர்சாய் உடன்படிக்கையால் கிழக்கு பிரஷ்யா ஜெர்மனியின் மற்றப் பகுதியிலிருந்து துண்டிக்கப்பட்டு, நடுவில் போலந்து நிலம் வந்தது. 1921 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஜெர்மன் ரயில்கள் பூட்டிய பெட்டிகளோடு அந்த நிலத்தைக் கடந்தன. பயணிகள் இடையில் இறங்க முடியாது; ஆகவே பாஸ்போர்ட்டும் கேட்கப்படவில்லை, விசாவும் கேட்கப்படவில்லை. நிலத்தின் மேல் இருந்தாலும் நாட்டுக்குள் இல்லை என்ற சட்டக் கற்பனை, விமான நிலையங்களுக்கு வருவதற்கு முன்பே தண்டவாளத்தில் ஓடியிருக்கிறது.

ஆரம்ப கால விமானப் பயணத்தில் இந்தக் கற்பனைக்கு இடமே இருக்கவில்லை. இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச் 30 அன்று தொடங்கிய லண்டன்–கராச்சி சேவை ஒரு வாரப் பயணம். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் விமானத்தை விட்டு இறங்கி ஜெனோவா வரை ரயிலில் போய், அங்கிருந்து கடல் விமானத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி, எகிப்து, ஈராக் வழியாகப் பாரசீக வளைகுடாவைத் தொட்டுக் கராச்சி சேர வேண்டும். இரவில் விமானம் பறக்காது. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊரில் தங்கல். அப்படித் தங்குகிறவரை நாட்டுக்குள் வராதவர் என்று யாரும் சொல்ல முடியாது. பாரசீகக் கரையில் அனுமதிச் சிக்கல் வந்ததும் அந்தச் சேவை 1932இல் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியது. ஷார்ஜாவில் கோட்டை போல மதில் எழுப்பி ஒரு பயணியர் விடுதி கட்டப்பட்டது. பயணிகள் மாலையில் இறங்கி, மதிலுக்குள் உண்டு உறங்கி, மறுநாள் கிளம்பிப் போனார்கள். இன்று அது அருங்காட்சியகம். ட்ரான்சிட் பயணிகளால் வாழும் வளைகுடா விமான நிலையங்களுக்கு முன்னோடி என்று தேடினால் இந்த மதில் சுவரில்தான் போய் நிற்க வேண்டும்.

ட்ரான்சிட் விசா உயிர் காக்கும் காகிதமாகவும் உயிர் வாங்கும் காகிதமாகவும் ஆனது 1940இல். பிரான்ஸ் வீழ்ந்த பிறகு நாஜிகளிடமிருந்து தப்ப விரும்பியவர்கள் மார்சேய் துறைமுகத்தில் குவிந்தார்கள். அங்கிருந்து சட்டப்படி வெளியேறுவதற்கு ஒரு சங்கிலி இருந்தது. கடல் கடந்த ஒரு நாட்டின் நுழைவு விசா இருந்தால்தான் போர்ச்சுகல் ட்ரான்சிட் விசா தரும். போர்ச்சுகல் விசா இருந்தால்தான் ஸ்பெயின் தரும். இவையெல்லாம் இருந்தாலும் பிரான்ஸிலிருந்து வெளியேறும் அனுமதி தனி. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. நான்காவதைப் பெறுவதற்குள் முதலாவது காலாவதியாகும், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மார்சேயில் காத்திருந்து 1941இல் மெக்சிகோவுக்குத் தப்பிய எழுத்தாளர் அன்னா செகர்ஸ், இந்த வரிசைகளை வைத்து எழுதிய நாவலுக்கு வைத்த பெயரே ‘ட்ரான்சிட்’. சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினிடம் அமெரிக்க நுழைவு விசாவும் ஸ்பானிய ட்ரான்சிட் விசாவும் இருந்தன, பிரான்ஸிலிருந்து வெளியேறும் அனுமதி இல்லை. மலைப்பாதை வழியாக எல்லை தாண்டி வந்தவரை ஸ்பெயினின் போர்ட்போவில் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். 1940 செப்டம்பர் 26 இரவு அவர் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதே ஆண்டுக் கோடையில் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் அந்தச் சங்கிலியையே இரண்டு அதிகாரிகள் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். பிலிப்ஸ் நிறுவனப் பிரதிநிதியாக இருந்து டச்சுக் கௌரவத் தூதராகவும் வேலை பார்த்த யான் ஸ்வார்ட்டெண்டைக், கரீபியன் கடலில் உள்ள டச்சுத் தீவான குராசோவுக்குப் போக விசா தேவையில்லை என்று பாஸ்போர்ட்டுகளில் எழுதிக் கொடுத்தார். ஆளுநரின் அனுமதி வேண்டும் என்ற அடுத்த வாக்கியத்தை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். போய்ச் சேரும் நாடு ஒன்று காகிதத்தில் கிடைத்துவிட்டதால், ஜப்பானியத் துணைத் தூதர் சியுனே சுகிஹாரா அதைக் காட்டி ட்ரான்சிட் விசா எழுதினார். தோக்கியோவின் உத்தரவு அதற்கு எதிராக இருந்தது. அவருடைய பட்டியலில் 2,100க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஒரு விசாவில் குடும்பமே போனதும் உண்டு. அவர்கள் சைபீரிய ரயிலில் விளாடிவஸ்டோக் சென்று, கப்பலில் ஜப்பானின் சுருகா துறைமுகத்தில் இறங்கினார்கள். யாரும் குராசோ போகவில்லை. போகாத ஊருக்கு வழி கேட்டவர்களுக்கெல்லாம் வழி கிடைத்தது இந்த ஒரு முறைதான் என்று சொல்லலாம். ட்ரான்சிட் விசாவின் பலவீனம் என்று பிற்கால அதிகாரிகள் எதை அஞ்சினார்களோ, அதாவது கடந்து போவதாகச் சொல்லிவிட்டு வழியிலேயே பாதுகாப்பைத் தேடுவது, அதுவே இங்கே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது.

போர் முடியும் தறுவாயில், 1944 டிசம்பர் 7 அன்று, 52 நாடுகள் சிகாகோவில் சர்வதேசக் குடிமை விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கூடவே உருவான துணை ஒப்பந்தம் ஒன்று, வணிக நோக்கமில்லாமல் எரிபொருளுக்காக இன்னொரு நாட்டில் தரையிறங்கும் உரிமையைத் தந்தது. அக்கால விமானங்கள் ஒரே தாவலில் அட்லாண்டிக்கைக் கடக்கத் திணறின. ஆகவே அயர்லாந்தின் ஷானனிலும் நியூஃபவுண்ட்லாந்தின் காண்டரிலும் இறங்கி எரிபொருள் நிரப்பின. அந்த ஒரு மணி நேரம் பயணிகள் இறங்கிக் கால் நீட்டி, காபி குடித்து, மீண்டும் ஏறுவார்கள். அவர்களுக்கு அயர்லாந்தில் எந்த வேலையும் இல்லை, அயர்லாந்துக்கும் அவர்களைப் பரிசோதிக்கக் காரணமில்லை. 1947இல் அயர்லாந்து நாடாளுமன்றம் ஷானனைச் சுங்கமற்ற விமான நிலையமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே உணவகப் பொறுப்பில் இருந்த பிரெண்டன் ஓ’ரீகன் அதே ஆண்டில் திறந்த கடையே உலகின் முதல் விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடை. ட்ரான்சிட் லவுஞ்சில் இன்று கண்ணைப் பறிக்கும் வாசனைத் திரவியக் கடைகளும் விசா இல்லாமல் உட்கார முடிகிற நாற்காலிகளும் ஒரே நியாயத்தில் பிறந்தவை: இங்கே இருப்பவர் இன்னும் உள்ளே வரவில்லை.

சிகாகோ ஒப்பந்தத்தின் 9ஆம் பின்னிணைப்பு 1949இல் ஏற்கப்பட்டது. பயணிகளுக்கான நடைமுறைகளை எளிதாக்குவதே அதன் வேலை. அதே விமானத்திலோ, அதே நாளில் அதே நிலையத்திலிருந்து வேறு விமானத்திலோ மூன்றாம் நாட்டுக்குப் போகிறவர் எல்லைப் பரிசோதனை இல்லாமல் தங்கியிருக்க இடம் ஒதுக்க வேண்டும், இத்தகைய பயணிகளிடம் விசா கேட்கும் நாடுகளின் பட்டியலை மிகக் குறைவாக வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள் அதில் இன்றும் உள்ளன. உள்நாட்டுச் சட்டங்களும் இதற்கு இசைந்தன. பிரிட்டனின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விமான நிலையத்தில் குறிக்கப்பட்ட பகுதியைவிட்டு வெளியேறும்வரை ஒருவர் பிரிட்டனுக்குள் நுழைந்தவராகக் கருதப்படமாட்டார் என்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சந்து இருப்பதைப் பனிப்போர் காட்டியது. காண்டரில் 1959இல் எலிசபெத் அரசி திறந்துவைத்த அழகான சர்வதேச லவுஞ்சில், ஹவானாவுக்கும் சோவியத் அணி நாடுகளுக்கும் இடையே பறந்த விமானங்களின் பயணிகள் எரிபொருள் நேரத்தில் இறங்குவார்கள். அவர்களில் சிலர் திரும்ப ஏறவில்லை. வியட்நாம் போரில் நேபாம் குண்டில் எரிந்து ஓடிவந்த சிறுமியாக உலகம் அறிந்த கிம் ஃபுக், 1992இல் கணவரோடு காண்டரில் இறங்கிக் கனடாவில் புகலிடம் கேட்டார். கம்யூனிச நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் மேற்கு நாடுகள் இதைப் பெரிய ஓட்டையாகக் கருதவில்லை. ஒரு வகையில் வெற்றியாகவே கொண்டாடின. இதையே வேறு மக்கள் செய்தபோதுதான் பார்வை மாறியது.

1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். மேற்கு ஜெர்மனிக்கு நேராகப் போக விசா வேண்டும். ஆனால் சுற்று வழி ஒன்று இருந்தது. ஏரோஃப்ளோட்டில் மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜெர்மனி இவர்களுக்கு ட்ரான்சிட் விசாவை அங்கேயே குத்திக் கொடுத்தது. சோஷலிசப் பெருந்தன்மை என்று அதைச் சொல்வதைவிட, விமானக் கட்டணமாக வந்த அந்நியச் செலாவணி என்று சொல்வது பொருந்தும். அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ரயில் நிலையம். மதில் நகரை இரண்டாகப் பிரித்திருந்தாலும் அந்த நிலையத்திலிருந்து மேற்குப் பக்கத்துக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கு ஜெர்மன் காவலர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். அடுத்த சில நிமிடங்களில் ரயில் மேற்கு பெர்லின்.

மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்க ஆளே இல்லை. காரணம் விசித்திரமானது. நான்கு வல்லரசுகளின் ஆளுகைக்குட்பட்ட பெர்லின் முழுவதும் ஒரே நகரம், நடுவில் இருப்பது சர்வதேச எல்லை அல்ல என்பதே மேற்கின் நிலைப்பாடு. அங்கே ஒரு குடிவரவு மேசையைப் போட்டால், மதிலை எல்லையாகத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கொள்கையை விடவும் முடியவில்லை, கதவை மூடவும் முடியவில்லை. 1985இல் மேற்கு ஜெர்மனியில் புகலிடம் கேட்டோரில் இலங்கையர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் பலர் அங்கிருந்து பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நகர்ந்தார்கள். ஐரோப்பாவில் இன்று வாழும் மூத்த தலைமுறை ஈழத்தமிழர்களிடம் ‘எப்படி வந்தீர்கள்’ என்று கேட்டால், மாஸ்கோ, பெர்லின் என்று இரண்டு ஊர்களின் பெயர் அடிக்கடி காதில் விழுவதன் காரணம் இதுதான்.

தன்னால் மூட முடியாத கதவை மூடும்படி மேற்கு ஜெர்மனி எதிர்த் தரப்பையே கேட்டது. 1985 ஜூலையில் இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான வணிகத்துக்கான வட்டியில்லாக் கடன் வரம்பு 85 கோடி மார்க் அளவுக்கு உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில், போய்ச் சேரும் நாட்டின் விசா இல்லாத இலங்கையருக்கு ட்ரான்சிட் விசா தருவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியது. இரண்டையும் ஒரே பேரத்தின் இரு பக்கங்களாகவே பெரும்பாலும் பார்க்கிறார்கள். மற்ற நாட்டினருக்கும் இந்த நிபந்தனை 1986 அக்டோபர் 1 முதல் விரிவாக்கப்பட்டது. தன் குடிமக்களை வெளியே விடாமல் மதில் கட்டிய அரசு, பக்கத்து நாட்டுக்குள் அந்நியர் போகாமலும் காவல் காக்கத் தொடங்கியது. கடந்து போகும் நாடு போய்ச் சேரும் நாட்டுக்காகக் காவல் பார்ப்பது என்ற வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

பிரிட்டனிலும் கதை அதே ஆண்டில்தான் தொடங்குகிறது. 1985 மே மாத இறுதியில் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்களுக்கு பிரிட்டன் விசா விதித்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா ஆகியவை சேர்ந்தன. விசா விதித்தால் மட்டும் போதவில்லை, விமானம் ஏறிவிட்டவர் வந்து இறங்கிப் புகலிடம் கேட்கலாம். 1987 பிப்ரவரியில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறத்தாழ 60 தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, அவர்கள் விமானம் நின்ற தளத்திலேயே உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது. அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்த சில வாரங்களுக்குள், மார்ச் மாதத்தில், அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. சரியான காகிதம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் அவரை ஏற்றிவந்த நிறுவனம் 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும்.

அபராதம் புதிய யோசனையல்ல. விசா இல்லாத குடியேறியைக் கொண்டுவரும் கப்பல் நிறுவனத்துக்கு 1,000 டாலர் தண்டம் என்று அமெரிக்கா 1924ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தது. ஆனால் 1980களில் இது மேற்கு நாடுகளின் பொது வழக்கமாயிற்று. ஐரோப்பிய நாடுகள் தமக்குள் எல்லைப் பரிசோதனையை நீக்கச் செய்துகொண்ட ஷெங்கன் ஒப்பந்தமும் உறுப்பு நாடுகளை அவ்வாறு தண்டம் விதிக்கச் சொன்னது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட நெறிமுறையின்படி, தண்டத்தின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 5,000 யூரோவுக்குக் குறையக்கூடாது, அல்லது குறைந்தபட்சத் தண்டமே 3,000 யூரோவாக இருக்க வேண்டும். இதன் விளைவாகப் பாஸ்போர்ட் பரிசோதனை எல்லையிலிருந்து பெயர்ந்து, பயணி புறப்படும் ஊரின் செக்-இன் கவுண்டருக்கு வந்து சேர்ந்தது.

கவுண்டரில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். ஊழியர் பயணியின் நாட்டுக்குறியீடு, பாஸ்போர்ட் காலாவதி நாள், மாறும் ஊர், சேரும் ஊர், கையில் உள்ள மற்ற விசாக்கள் ஆகியவற்றைக் கணினியில் தட்டுகிறார். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் டிமாட்டிக் என்ற தரவுத்தளம் ஏற்றலாமா கூடாதா என்று விதியைக் காட்டுகிறது. வேலைக்காக வளைகுடா போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு விசா சரியென்று விமான நிறுவனம் முன்கூட்டியே தரும் ஒப்புதலான ‘ஓகே டு போர்டு’ என்ற சொல் பழக்கமானது. அதுவும் தண்டம் கட்ட நேருமே என்ற பயத்தின் குழந்தைதான். கவுண்டரில் இருப்பவர் அரசு அதிகாரி அல்ல. சந்தேகம் வந்தால் மறுப்பதுதான் அவர் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. தவறாக மறுத்தால் ஒரு பயணியின் கோபத்தோடு போகும், தவறாக ஏற்றினால் தண்டமும் திருப்பி அழைத்துவரும் செலவும் தலையில் விழும்.

அடுத்த படி, விமானம் மாறுபவரிடமே விசா கேட்பது. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுப் புகலிடச் சட்டம் அதற்கு அதிகாரம் தந்தது. முதல் பட்டியலிலேயே இலங்கை இருந்தது. 1996 மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பட்டியல் ஒன்றை ஏற்றது: ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, எரித்திரியா, கானா, ஈராக், ஈரான், நைஜீரியா, சோமாலியா, இலங்கை, ஜயர். புகலிடம் கேட்போர் எந்த நாடுகளிலிருந்து வந்தார்கள் என்ற பட்டியலும் இதுவும் பெரிதும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல.

ட்ரான்சிட் பகுதி யாருடைய நிலம் என்ற கேள்வியும் இதே காலத்தில் நீதிமன்றம் ஏறியது. 1992 மார்ச்சில் டமாஸ்கஸிலிருந்து பாரிஸ் ஓர்லி விமான நிலையத்துக்கு வந்த சோமாலியர் சிலர் 20 நாட்கள் அங்கேயே வைக்கப்பட்டார்கள். இரவில் அருகிலுள்ள ஓட்டல் ஒன்றில், உள்துறை அமைச்சகம் வாடகைக்கு எடுத்திருந்த தளத்தில் தூங்கவிட்டு, பகலில் திரும்ப விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியில் சிரியாவுக்கே அனுப்பினார்கள். அமூர் எதிர் பிரான்ஸ் என்று அறியப்படும் அவ்வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996 ஜூன் 25 அன்று தீர்ப்புச் சொன்னது. சர்வதேசப் பகுதி என்று பெயர் இருப்பதால் அது பிரான்ஸுக்கு வெளியே போய்விடாது. விரும்பினால் வேறு நாட்டுக்குப் போகலாமே என்ற வாதமும் செல்லாது. அங்கே அடைத்து வைப்பது சுதந்திரத்தைப் பறிப்பதே. ஷானனில் வசதிக்காகத் தொடங்கிய கற்பனை, மனிதரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப் பயன்படும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அத்தீர்ப்பு ஒரு கோடு போட்டது. ஆனால் அதற்கு முன்பே பலரை விமானத்தில் ஏறவிடாமல் தடுக்கும் வழி வந்துவிட்டதால், கோட்டின் பயன் வந்து இறங்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான்.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் விசா விதித்தொகுப்பு பொதுப் பட்டியலை 12 நாடுகளாக்கியது. வங்கதேசமும் பாகிஸ்தானும் சேர்ந்தன, இலங்கை நீடித்தது. இது ‘ஏ’ வகை விசா. விலக்குகளைப் பார்த்தால் ஏற்பாட்டின் தன்மை விளங்கும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் ‘ஏ’ விசா வேண்டாம். கொழும்பிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக டொரண்டோ போகும் மாணவர் கனடா விசாவைக் காட்டிக் கடந்துவிடலாம். அதே வழியாகத் தென் அமெரிக்காவுக்குப் போகும் இன்னொருவருக்கு முடியாது. இன்னொரு பொறியும் உண்டு. ஷெங்கன் நாடுகளுக்குள் இரண்டு நிலையங்களில் மாறினால், உதாரணமாக ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி மாட்ரிட் போய் அங்கிருந்து வெளியேறினால், நடுவிலுள்ள பறப்பு உள்நாட்டுப் பறப்பாகிவிடும். அதற்கு முழு நுழைவு விசா வேண்டும், ‘ஏ’ செல்லாது. கட்டணமோ குறுகிய காலம் தங்கிச் சுற்றிப் பார்க்கும் விசாவுக்கு எவ்வளவோ அவ்வளவேதான். 2024 ஜூன் முதல் 90 யூரோ. பாரிஸ் மாநாட்டின் பத்தில் ஒரு பங்கு இப்போது முழுப் பங்காகிவிட்டது.

அமெரிக்கா போன வழி வேறு. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விமான நிறுவனங்கள் பொறுப்பேற்றால் விசா இல்லாமல் கடந்து போகலாம் என்ற ஏற்பாடு அங்கே அரை நூற்றாண்டு இருந்தது. தீவிரவாதிகள் அதைப் பயன்படுத்தக்கூடும் என்ற உளவுத் தகவலைக் காரணம் காட்டி 2003 ஆகஸ்ட் 2 அன்று அது நிறுத்தப்பட்டது. அதிலிருந்து விசா விலக்கு இல்லாத நாட்டவர் கடந்து போக மட்டும் ‘சி-1’ விசா எடுக்க வேண்டும். ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக லண்டன் போன விமானத்தில், அதே இருக்கைக்குத் திரும்பப் போகிறவர்களும் இறங்கிக் கைரேகை கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் ஏறினார்கள்.

மேற்கில் கதவுகள் இறுகிய காலத்தில் கிழக்கில் திறந்துகொண்டன. பெர்லின் பேரம் நடந்த அதே 1985இல், அக்டோபர் 25 அன்று, எமிரேட்ஸ் துபாயிலிருந்து கராச்சிக்குத் தன் முதல் விமானத்தை அனுப்பியது. துபாய், தோஹா, அபுதாபி மூன்றும் ட்ரான்சிட் பகுதிக்குள் இருப்பவரிடம் விசா கேட்பதில்லை. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் அவ்வழியை விரும்புவதற்கு விலையும் நேரமும் முதல் காரணங்கள் என்றாலும், கூடுதல் விசா ஒன்று தேவைப்படாததும் ஒரு காரணம். சீனா இன்னும் ஒரு படி மேலே போய்க் கடந்து செல்பவரை ஊருக்குள்ளேயே அழைக்கிறது. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் 2013இல் 72 மணி நேரமாகத் தொடங்கிய விசா விலக்கு, 2024 டிசம்பரில் 240 மணி நேரமாக நீண்டது. பட்டியலில் உள்ள நாட்டவர் மூன்றாம் நாட்டுக்குப் போகும் டிக்கெட்டைக் காட்டினால் போதும். இந்தியர் அப்பட்டியலில் இல்லை.

விதிகள் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ட்ரான்சிட் பகுதிக்குள்ளேயே இருக்க முடிந்தால்தான் அவை பயன்படும். ஒரே டிக்கெட்டில் போகிறவரின் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். மலிவுக்காக இரண்டு டிக்கெட்டுகளாக வாங்கியவர் பெட்டியை எடுத்து மீண்டும் செக்-இன் செய்ய வெளியே வர வேண்டும், அதாவது நாட்டுக்குள் நுழைய வேண்டும். ஹீத்ரோவில் இறங்கிக் காட்விக்கிலும், தோக்கியோவின் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவிலும் அடுத்த விமானம் என்றால் அதே கதி. இரவில் ட்ரான்சிட் பகுதியை மூடிவிடும் நிலையங்களும் உண்டு.

2025 ஜனவரி 8 முதல் பிரிட்டன், விசா தேவைப்படாத அமெரிக்கர் போன்றோரும் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும் என்ற விதியை விரிவாக்கியது. விமானம் மாறுபவரிடமும் அதைக் கேட்டால் பயணிகள் வேறு நாட்டு நிலையங்களுக்குப் போய்விடுவார்கள் என்று ஹீத்ரோ முறையிட்டுக்கொண்டிருந்தது. ஜனவரி 16 அன்று அரசு ட்ரான்சிட் பகுதியைவிட்டு வெளியேறாதவர்களுக்குத் தற்காலிக விலக்கு அறிவித்தது. குடிவரவுப் பரிசோதனை இல்லாமல் விமானம் மாறும் வசதி பிரிட்டனில் ஹீத்ரோவிலும் மான்செஸ்டரிலும் மட்டுமே இருப்பதால் விலக்கும் அவ்விரண்டுக்கும்தான். விசா தேவைப்படும் நாட்டவருக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு ட்ரான்சிட் விசாப் பட்டியலே இன்னும் நடைமுறையில் உள்ளது.